சோற்றில் கலந்தது

ஆவணி 2, திங்கள்

உரக்கடைக்காரன் தைப்பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாசமும் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத எடுத்தேன். எனக்கு மறதி கிடையாது. ஐந்தாங்கிளாஸோடு நின்றவள்தான், ஆனால் யார் எப்போது என் வீட்டு வாசலில் நின்று என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவர்கள் கட்டியிருந்த சேலையின் கரையோடு சேர்த்துச் சொல்வேன். சொன்னவர்களுக்குத்தான் மறந்துபோகிறது. "நான் எங்கே அப்படிச் சொன்னேன்" என்பார்கள். அந்த மூஞ்சியில் எறிவதற்காக எழுதி வைக்கிறேன்.

முதல் ஆள் சம்பந்தியம்மாள் ராஜகனி. நேற்று போனில் சொன்னது இது: "மதினி, காப்பரீட்சை லீவு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உங்க மக தெளியலைன்னா பிள்ளைய நாங்க கூட்டிட்டு வந்துருவோம். பைத்தியத்துக்கிட்ட பொட்டப்பிள்ளைய விட்டுவைக்க முடியாது பாத்துக்கோங்க."

பைத்தியமாம். அந்த வீட்டில் என் மகள் முத்துக்கனி மாவாட்டினாள், மாமனாருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள், அப்போதெல்லாம் அவள் மகராசி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, "இதுல என்னமோ கலக்குறாக" என்றாள். உடனே பைத்தியமாகிவிட்டாள். ஏதோ ஒரு கோயிலில் கொண்டுபோய் ஒரு மண்டலம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது வேப்பமரத்தில் சங்கிலி. கணுக்காலில் புண். புண்ணில் ஈ. பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். "எல்லாம் இறங்குறப்ப இப்படித்தாம்மா இருக்கும்" என்றான். அந்த முறுக்கு வாசம் இப்போதும் வந்தால் எனக்குக் குமட்டும். அன்றைக்கே அவளையும் பேத்தியையும் இங்கே கூட்டிவந்துவிட்டேன்.

பேத்திக்கு அவர்கள் வைத்த பெயர் தன்ஷிகா. என் வாயில் அது நுழையாது, நுழைக்கவும் மாட்டேன். என் தாயார் பெயர் அரசி. அரசி என்றுதான் கூப்பிடுகிறேன். ரெண்டாங்கிளாஸ் படிக்கிறது. மருமகன் வெயிலுமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் போடுவார். பிள்ளையோடு பேசுவார், வைத்துவிடுவார்.

ஆவணி 4, புதன்

பெரியாஸ்பத்திரி. மனசுக்குப் பார்க்கிற டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவாராம். மற்ற ஆறு நாளும் யாருக்கும் மனசு கெடக் கூடாது போல.

எலும்பு முறிவுக்கு அம்பு போட்டு வழி காட்டியிருக்கிறார்கள், கண்ணுக்குக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மட்டும் கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. கேட்கிற இடத்திலெல்லாம் ஒரு சிரிப்பு. கடைசியில், அழுக்குத் துணி மூட்டை கட்டிப் போடுகிற அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தமும் சீழும் காய்ந்த துணி நாற்றத்தில் வாசலிலேயே உட்கார வைத்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெற்றிலை எச்சில். சீட்டு எழுதுகிறவன் எழுந்து நின்று, "மெண்டல் கேஸெல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தினான். முத்துக்கனி முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார், நான் சொன்னேன், அவர் எழுதினார். முத்துக்கனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ இரும்மா" என்றார். சுண்டுவிரலால் காதைக் குடைந்து, அந்த விரலை மேசை விரிப்பில் துடைத்துவிட்டு, அதே கையால் சீட்டை நீட்டினார்.

"இவ மாத்திரை முழுங்க மாட்டாய்யா. போன வருஷம் டவுனு டாக்டர் குடுத்ததையும் நாலு நாள் முழுங்கிட்டுத் துப்பிட்டா."

"ராத்திரி சாப்பாட்டுல பொடிச்சுப் போட்டுக் குடுத்துருங்க பாட்டி. அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அடுத்தது யாரு?"

முத்துக்கனி அப்போது வெளியே போய்விட்டாள். காதில் விழவில்லை.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை என்றார்கள். இல்லாதது எப்போது வரும் என்று கேட்டேன். "வர்றப்ப வரும்" என்றாள் ஒருத்தி. நீலப் புள்ளி போட்ட சேலை, பல் இடுக்கில் கறிவேப்பிலை. நினைவு வைத்துக்கொண்டேன்.

ஆவணி 6, வெள்ளி

நேற்று கையில் கொடுத்துப் பார்த்தேன். மாத்திரையைச் சுவரில் விட்டெறிந்தாள். "வேணாம்னா வேணாம். எனக்கு என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். அழிச்சாட்டியம்.

இன்று அம்மியில் பொடித்தேன். கசப்பு தெரியாமல் இருக்கப் பருப்புச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து, நெய் தாராளமாக விட்டேன். பார்த்துக்கொண்டிருந்தால் அவள் சாப்பிட மாட்டாள். அதனால் தட்டை வைத்துவிட்டு ஆட்டைக் கட்டப் பின்னால் போய்விட்டேன். வந்து பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. அரசி பக்கத்தில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் காதைக் குடைந்தாலும் புத்தி உள்ளவர்தான்.

ஆவணி 9, திங்கள்

வரக் கூடாத கால் இன்றைக்கு என் வாசலில் வந்து நின்றது. மேலவீட்டு ஜெயக்கொடி.

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. அரசாங்கம் ஊருக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப் பயிற்சி கொடுத்திருக்கிறதாம். மனசு சரியில்லாதவர்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்களாம், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்களாம். ஊரில் வேறு பெண்ணே கிடைக்கவில்லை பார்.

"பெரியம்மா, அக்காவைப் பாக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து பேரு வந்திருக்கு. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயிர்றேன்."

"உங்க வீட்டு ஆளுக எங்க வீட்டு ஆளுககிட்ட என்னத்தப் பேச? போய் உன் ஆத்தாகிட்ட கேளு."

"எதைக் கேக்க?"

எதையாம்! இவள் அண்ணன் காதுகுத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்துவிட்டார்கள். அப்போது எவனோ மில்லுக்காரன் காரில் வந்து இறங்கினான் என்று இவள் ஆத்தா என் தோளைத் தட்டி, "அக்கா, அடுத்த பந்தியில உக்காருங்க" என்றாள். உப்பு வைத்த இலையிலிருந்து எழுப்பினாள். ஊர் பார்க்க எழுந்து நடந்தேன். இந்த ஜெயக்கொடி அப்போது பாவாடையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதைச் சொன்னேன். "எனக்கு அப்ப நாலு வயசு பெரியம்மா" என்றாள்.

"நாலு வயசுப் பல்லும் பல்லுதான்."

உள்ளேயிருந்து முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது?" என்றாள். "வெங்காயக்காரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஆவணி 15, ஞாயிறு

தட்டு காலி. ஆடு குட்டி போட்டது, ரெண்டும் கிடா. மருமகன் போன் போட்டு அரசியோடு பேசினார். முத்துக்கனி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைக் கேட்கவில்லை அவர்.

ஆவணி 19, வியாழன்

பள்ளிக்கூடத்து டீச்சர் ஆள் அனுப்பினாள். போனேன். அரசி வகுப்பில் பெஞ்சிலேயே தூங்கி விழுகிறதாம். வாயில் எச்சில் வடிய நோட்டெல்லாம் நனைத்துவிடுகிறதாம். "வீட்டுல ராத்திரி டிவி பாக்குறாளா பாட்டி?"

என் வீட்டில் டிவி கிடையாது. அதைச் சொன்னேன். "அப்ப அவங்க அம்மா தூங்க விடறதில்லையோ?" என்று ஒரு இழுவை. இவள் பெரியப்பன் ரேஷன் கடையில் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தவன். அந்த வம்சத்துக்கு வேறெப்படிப் பேச வரும்.

வயிற்றில் பூச்சி இருக்கும். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தேன். ராத்திரி என் கையால் சோறு வைத்தால் அந்தப் பிள்ளை, "வயிறு முட்ட இருக்கு ஆச்சி" என்கிறது. ஒரு வாய்கூட வாங்குவதில்லை. பூச்சியேதான்.

ஆவணி 27, வெள்ளி

முத்துக்கனியிடம் நான் நினைத்த தெளிவு இல்லை. காலையில் தலை வாரினாள், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சரி. ஆனால் சாயங்காலம் சுவரோடு சண்டை. "போ, போ, நீ சொல்றத நான் செய்ய மாட்டேன்" என்கிறாள். லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டாள். "ஏம்மா, சோத்துல என்னமோ கசக்குதே. என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல."

"சத்தியமா?"

"உன் தலையில அடிச்சு சத்தியம். உன் நோவுதான் உன்னைய அப்படி நினைக்க வைக்குது. நாக்குல கோளாறு."

"அப்படித்தான் போல" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இது பொய்ச் சத்தியம் ஆகாது. மருந்து மருந்துதான், 'என்னமோ' இல்லை. சாமிக்கு அது தெரியும்.

புரட்டாசி 2, வியாழன்

ராஜகனி போன். லீவு விட்ட மறுநாளே கார் எடுத்துக்கொண்டு வருகிறார்களாம். பெரிய மனுஷர் ரெண்டு பேரும் கூட வருவார்களாம், ஏதோ நிலத்தகராறு தீர்க்கிற மாதிரி. "பிள்ளைக்கு நாலு செட்டு துணி மட்டும் எடுத்து வச்சிருங்க மதினி, மத்ததை இங்க பாத்துக்கலாம்" என்றாள். அவள் குரலில் ஒரு கொழுப்பு மிதக்கும், ஆறின ஆட்டுக்கால் சூப்பில் மிதக்குமே, அதுபோல.

இன்றைக்கு மாத்திரை ரெண்டாகப் போட்டேன். நெய்யும் ரெண்டு கரண்டி. தட்டு காலி.

புரட்டாசி 3, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சொன்னார்கள். போனால் அரசியைச் சுற்றிக் கூட்டம். பிள்ளையின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது. நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. நினைவு இருக்கிறது, அதுதான் கொடுமை, "ஆச்சி" என்று சொல்ல வருகிறது, வாய் வரவில்லை. எச்சில் ஒழுகிக் கவுன் நனைந்துவிட்டது.

கூட்டம் என்ன சொன்னது? "ஆத்தாகிட்ட இருந்து தொத்திருச்சு." "அவ மேல இருந்தது பிள்ளைமேல எறங்கிருச்சு." ஒருத்தி வேப்பிலையோடு வந்தாள். ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான். அதைத் தட்டிவிட்டேன், சாக்கடையில் விழுந்தது. திருப்தி.

முத்துக்கனி எப்படித்தான் தெரிந்து வந்தாளோ, தலைவிரி கோலமாக ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லோரும் ரெண்டடி விலகினார்கள். அவளைக் கண்டு. பிள்ளையைத் தொட்ட ஆத்தாவுக்கே பயந்தார்கள். சீ.

ஆட்டோ கொண்டுவந்தது ஜெயக்கொடி. அவள்தான் உதவ வந்தாள், வேறு யாரும் வரவில்லை. ஏறினேன்.

பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர். பார்த்தவுடன், "வீட்டுல யாராவது மனநல மாத்திரை சாப்பிடுறாங்களா? பிள்ளை அதை எடுத்து முழுங்கிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லையே, மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன். பிள்ளைக்கு எட்டாது" என்றேன்.

ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து தானாக நேராக வந்தது. நாக்கு உள்ளே போனது. அரசி அழுதது. அந்த அழுகையைப்போல நான் எதையும் கேட்டதில்லை.

டாக்டர் குனிந்து, "ராத்திரி என்ன சாப்பிட்ட பாப்பா?" என்றாள்.

"அம்மா சோறு. நெய்யி போட்ட பருப்புச் சோறு. அம்மா தினமும் எனக்குத்தான் முதல்ல ஊட்டுவாங்க. நேத்து ரொம்பக் கசந்துச்சு. ஆனா நெய்யி இருந்துச்சு."

முத்துக்கனி மெதுவாக, "ஆமா, நான்தான் ஊட்டுனேன். அதுக்குப் பருப்புச் சோறுன்னா உசுரு. பாதிக்கு மேல அதுதான் தின்னும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சோத்துல என்னம்மா இருந்துச்சு?"

நான் டாக்டருக்குப் பதில் சொன்னேன். அவளுக்குச் சொல்லவில்லை. டாக்டருக்குச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது, ஜெயக்கொடி காதிலும் விழுந்தது.

புரட்டாசி 4, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை விளையாடுகிறது. முத்துக்கனி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"நான் சொன்னேன்ல. கலக்குறாகன்னு சொன்னேன்ல. நோவுன்னு சொன்னீங்கள்ல எல்லாரும்."

புரட்டாசி 6, திங்கள்

என் கையால் எதையும் தின்ன மாட்டேன் என்கிறாள். முட்டையைத் தானே அவித்து, ஓட்டை உடைக்காமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகு உரிக்கிறாள். வாழைப்பழம். தோலோடு ஆரஞ்சு. தண்ணீரைக் குழாயில் போய் வாய் வைத்துக் குடிக்கிறாள். பிள்ளைக்கும் அதுவே. அரசி, "ஆச்சி, எனக்கு இட்லி வேணும்" என்று கேட்டது. நான் தட்டில் வைத்தேன். முத்துக்கனி எடுத்து ஆட்டுக்குப் போட்டாள். பிறகு ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது விழுகிறதா என்று.

அம்மியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். என் கை நாறுகிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. மூக்குக் கோளாறாக இருக்கும்.

தெருவில் புதுக்கதை ஓடுகிறது. ஆத்தாக்காரியே தன் மாத்திரையைப் பிள்ளைக்கு ஊட்டிக் கொல்லப் பார்த்தாளாம். குழாயடியில் பேச்சு. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தெருப் பொம்பளைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

புரட்டாசி 9, வியாழன்

ஜெயக்கொடி மறுபடியும் வந்தாள். கதவை நான் திறக்கவில்லை. முத்துக்கனி திறந்தாள். "வெங்காயக்காரி வந்திருக்காம்மா" என்றாள் என்னைப் பார்த்து. அவளுக்கும் மறதி கிடையாது. என் வயிற்றில் பிறந்தவள்.

ஜெயக்கொடி ஒரு தாளை வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். தூக்கம் வருதா, பசி எடுக்குதா, சாகணும்னு தோணுதா. எழவு வீட்டில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். ஆனால் முத்துக்கனி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சாகணும் போல இருந்தது என்றாள். கோயிலில் கட்டிப்போட்டிருந்தபோது என்றாள். போன சனிக்கிழமையும் என்றாள். நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கண் எரிந்தது.

கிளம்பும்போது ஜெயக்கொடி என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஊருக்குள்ள அக்காவைத் தப்பாப் பேசுறாக பெரியம்மா. நான் வெளிய வாயத் திறக்கக் கூடாது, எங்களுக்கு அப்படிச் சொல்லியிருக்காக. நீங்க சொல்லலாம்."

"உங்க ஆத்தா சொல்லி அனுப்புனாளா இதை?"

"எங்காத்தாவுக்கு நான் இங்க வர்றதே தெரியாது. தெரிஞ்சா என்னைய உரிச்சிருவா" என்று சிரித்தாள். அதே பல்.

புரட்டாசி 12, ஞாயிறு

கார் வந்தது. ராஜகனி, மருமகன், வெள்ளைவேட்டி ரெண்டு பேர். எதிரே ஜெயக்கொடியும் வந்து தொலைந்தாள், இன்றைக்குப் பார்த்து மாத்திரைச் சீட்டைச் சரிபார்க்க. எல்லோரும் உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தேன். ராஜகனி வாங்கி, மோந்து பார்த்து, கீழே வைத்தாள்.

"குடிக்கப் பயமா இருக்கு மதினி. உங்க வீட்டுல எதுல என்ன இருக்கோ. பெத்த பிள்ளைக்கே மாத்திரைய ஊட்டுனவ இருக்கிற வீடு."

வெள்ளைவேட்டி ஒன்று தொண்டையைச் செருமியது. "பிள்ளையோட நல்லதுக்குத்தாம்மா. தாய் இப்படி இருக்கையில..."

முத்துக்கனி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். அரசி அவள் கால்களுக்கு நடுவே. 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்குப் பார்த்திருப்பேன். முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள், எங்கே விரிசல் என்று.

ராஜகனி எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். "வா தன்ஷிகா. போவோம்."

மேலவீட்டுக்காரி கேட்கிறாள், நாளைக்கு அவள் ஆத்தா குழாயடியில் இதை இலை போட்டுப் பரிமாறுவாள் என்று தோன்றியது. ராஜகனி சாகிற வரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாள் என்று தோன்றியது. எல்லாம் தோன்றியது.

"கைய விடுங்க மதினி" என்றேன். "மாத்திரைய கலந்தது நான். அவளுக்குத் தெரியாம கலந்தேன். ரெண்டாப் போட்டதும் நான். கேட்டப்ப அவ தலையில கை வச்சுப் பொய் சொன்னதும் நான். அவ ஊட்டுனது சோறு. தனக்கு வச்ச சோத்துல நல்லதா எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுனா. அதைப் போய் எவளாச்சும் விஷம்னு சொன்னா நாக்கு அழுகிரும்."

அரசியின் கை விடுபட்டது. பிறகு ராஜகனி, "அப்ப இது அதைவிடக் கேவலமால்ல இருக்கு" என்றாள்.

"கேவலந்தான். சங்கிலி போட்டுட்டு ஊருக்கு வந்து நல்லாத் தூங்குனீங்களே, அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க எது எம்புட்டுன்னு."

மருமகன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்து, "முத்து, நீ என்ன சொல்ற?" என்றார்.

அவளுக்கே அது புதுசாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு நோவு இருக்கு. காதுல பேசுறது நிக்கல. மாத்திரை வேணாம்னு சொல்லல, தெரியாமக் குடுக்காதீங்கங்குறேன். என் கையில குடுங்க, நானே முழுங்குறேன். பிள்ளைக்கு நான் பொங்குறேன். எங்கம்மா இனிமே அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அரைப்பரீட்சை வரைக்கும் பாருங்க. அதுக்குப் பெறகும் நான் இப்படியே இருந்தா நானே துணிமணி எடுத்துவச்சு அனுப்புறேன்."

மருமகன் வெகுநேரம் அரசியைப் பார்த்தார். "வாங்கம்மா போவோம்" என்று தன் தாயாரைக் கூப்பிட்டார். பிள்ளையைக் கூப்பிடவில்லை.

கார் போன பிறகு அந்தக் காப்பியை நான்தான் குடித்தேன். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

புரட்டாசி 15, புதன்

பெரியாஸ்பத்திரி. அதே நாற்றம், அதே துணிமூட்டை, அதே எச்சில். காது குடைகிறவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். வேறு ஒருத்தர், நடுவயசுப் பெண் டாக்டர். என்னை வெளியே உட்காரச் சொன்னாள்! முத்துக்கனியோடு தனியாகப் பேசினாளாம். கதவு சரியாகச் சாத்தாது, அதனால் கேட்டது.

"முன்னாடி மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"அதைப் போட்டா காலு ஒரு எடத்துல நிக்காது டாக்டர். உக்காந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சா நடக்கணும், ராவெல்லாம் நடக்கணும். உள்ளுக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி. தூக்குல தொங்கிரலாமான்னு இருக்கும்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே."

டாக்டர் வேறு மாத்திரை எழுதினாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, சோற்றில் கலப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "உங்க ஆஸ்பத்திரி டாக்டருதான் சொன்னாரு, ஆவணி நாலாந்தேதி, இந்த நாற்காலியில உக்காந்து" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் டைரி எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

மருந்து ஜன்னலில் இந்த மாத்திரை பாதிதான் இருக்கிறதாம், மீதிக்கு அடுத்த புதன் வர வேண்டுமாம். கறிவேப்பிலைக்காரியிடம், எழுந்து உள்ளே போய்ப் பார் என்றேன். போகவில்லை. நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டிப் போனது. கடைசியில் போனாள். இருந்தது.

புரட்டாசி 20, திங்கள்

அடுப்படிக்குள் நான் போகவில்லை. முற்றத்திலிருந்து பார்க்கிறேன். வெங்காயத்தை எப்படி நறுக்குகிறாள் பார், கட்டை கட்டையாக.

புரட்டாசி 27, திங்கள்

காதில் பேசுகிறவர்கள் முழுக்கப் போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசுகிறார்களாம், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. அப்படித்தான் சொன்னாள். மாத்திரையைத் தானே எடுத்து விழுங்குகிறாள். அப்போது நான் பின்னால் போய் ஆட்டைப் பார்க்கிறேன். அவள் சொல்லவில்லை, நானேதான் போகிறேன்.

இன்று மத்தியானம் ஜெயக்கொடி வந்திருந்தாள். முத்துக்கனி, "இருந்து சாப்பிட்டுப் போ" என்று அவளுக்கும் தட்டு வைத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டில், எனக்குப் பக்கத்தில், மேலவீட்டுக்காரி.

தட்டில் முதலில் உப்பு வைத்தாள். பிறகு சோறு. பருப்பு. நெய். இந்த வீட்டில் அன்றைக்குப் பிறகு பருப்புச் சோறு பொங்கியது இன்றைக்குத்தான். நான் தட்டைப் பார்த்தபடியே இருந்திருப்பேன் போல.

"என்னம்மா பாக்குற?" என்றாள் முத்துக்கனி. "சாப்பிடு. ஒண்ணும் கலக்கல."

அரசி சிரித்தது. ஜெயக்கொடி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துக்கனி சிரிக்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிசைந்தேன். வாயில் வைத்தேன். விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் அவள் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ரெண்டாம் வாயில் ஜெயக்கொடி, "அக்கா, உப்புக் கம்மியா இருக்கு" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன்.

உப்புக் கம்மிதான். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.